ஸ்டிக்கரில் இருந்த ஓர் எழுத்து



டீச்சரை இரண்டு வாரமாக பேஸ்புக் பக்கம் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு பழைய லேப்டாப்புக்கு ரேம் தேடி அலைந்துகொண்டிருந்தேன். "அறுபத்தஞ்சு வயசுல ஒனக்கு இது தேவையாக்கா?" என்று என் தங்கச்சி கேட்டாள். தேவைதான். ஏன் என்று சொல்கிறேன். பதிவு நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இன்றைக்கும் கொஞ்சம் உட்காருங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது எங்கள் ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பிசிஏ இரண்டாம் வருஷம். போன வருஷம் 9,000 ரூபாய் கொடுத்துப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். ஏதோ ஒரு பெரிய கம்பெனி அலுவலகத்தில் ஓடிக் கழித்தது. இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை. அந்தத் தலைமுறை 2013-ல் வந்தது. ஆக, அந்தப் பெண் ஒன்றாம் வகுப்பு படித்த காலத்து இயந்திரம். ரேம் 4 ஜிபி.

அவள் வீட்டில் நெட் சரியாக வராது என்பதால் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவாள். அப்படி ஒருநாள் ஏதோ ஒரு கம்பெனி வேலைப் பயிற்சிக்கு ஆன்லைனில் வைத்த தேர்வை எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் திரை அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் நகரவில்லை. அணைத்துப் போட்டு மறுபடி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நான் பதறிவிட்டேன். அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, "பரவால்ல டீச்சராச்சி, இனிமே எல்லாத்தையும் போன்லயே பண்ணிக்கிடுதேன்" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். ஒரு பிள்ளை "பரவால்ல" என்று அந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஸ்லேட்டு உடைந்த பிள்ளையும் அப்படித்தான் சொல்லும், வீட்டில் கேட்கப் பயந்து.

விஷயம் அவள் அப்பனுக்குப் போனது. "தவணைல புதுசு ஒண்ணு எடுத்துருவோம் டீச்சர். நாப்பத்தஞ்சாயிரம் சொல்லுதான்" என்றான். ஆட்டோவுக்கே இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவன் அவன். ஒரு வாரம் பொறுடா, ரேம் மட்டும் போதுமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ரேம் என்றால் என்ன என்று தெரியாத என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்ட் டிஸ்க் என்பது அலமாரி. ரேம் என்பது மேசை. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாம் வேலை செய்வது மேசையில்தான். மேசை சின்னதாக இருந்தால் ஒரு புத்தகத்தை விரிக்க இன்னொன்றை அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த நடையைத்தான் "லேப்டாப் ஹேங் ஆகுது" என்கிறோம். இன்றைக்கு விண்டோஸும் நாலைந்து வலைப்பக்கங்களும் திறந்தாலே 4 ஜிபி மேசை நிரம்பிவிடுகிறது. 8 இருந்தால் மாணவர் வேலை பெரும்பாலும் ஓடிவிடும்.

அவளையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். "லேப்டாப்புக்கு 4 ஜிபி ரேம் வேணும்" என்றேன். "டிடிஆர் 3-ஆ, 4-ஆ?" என்றார். பெண் "3" என்றாள். சரியான பதில்தான். 800 ரூபாய் சொல்லி, பழைய ரேம் ஒன்றை எடுத்துக் காலியாக இருந்த இடத்தில் மாட்டினார். பட்டனை அமுக்கினார். லைட் எரிந்தது, திரை கருப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினார், மறுபடியும் கருப்பு. மூன்றாவது முறைக்குப் பிறகு, "போர்டு போயிருச்சும்மா. வேணும்னா ஸ்கிராப்புக்கு எடுத்துக்கிடுதேன், 1,500 தாரேன்" என்றார்.

அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. "தம்பி, நீங்க இப்போ போட்டதை மட்டும் எடுத்துட்டு ஒரு தடவை போடுங்க" என்றேன். எடுத்தார். லேப்டாப் பழையபடி உயிரோடு வந்தது. "அப்போ இது பழைய மாடல், இதுக்கு ரேம் வராதும்மா. இதெல்லாம் உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றார். 800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது அவர் நேர்மை.

கடையில் கேட்டதுதான் தப்பு என்று நானே போனில் ஆர்டர் போட்டேன். "டிடிஆர் 3, 4 ஜிபி" என்று தேடி, முதலில் வந்ததை வாங்கினேன். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பிரித்தால் லேப்டாப்பில் இருக்கிற இடத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். மேசைக் கணினியில் போடும் ரேம் அது! அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருப்பி அனுப்பினேன். கடைக்காரரைக் குறை சொன்ன நானும் அதே வேலையைத்தான் செய்திருந்தேன்.

அப்புறம்தான் கோயம்புத்தூரில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற என் பழைய மாணவன் ஞாபகம் வந்தது. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். போனில் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "டீச்சர், உள்ளே ஏற்கெனவே இருக்கிற ரேமைக் கழற்றி, அதன் ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குன்னு அப்படியே வாசிங்க" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்: பிசி3எல்-12800எஸ்.

"கடையில போட்டதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்றான். பெண் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பிசி3-10600எஸ்.

"அதுல எல் இல்லையே டீச்சர்" என்றான். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கேள்வியை ரெண்டு தடவை வாசிச்சுட்டு எழுதுன்னு நீங்கதானே எங்க தலையில குட்டுவீங்க" என்றான்.

குட்டு எனக்கு வலித்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது பாடம். நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

'பிசி3' என்றால் டிடிஆர் 3 வகை. 'பிசி4' என்றால் டிடிஆர் 4. ஒன்றில் இன்னொன்று நுழையாது. லேப்டாப் ரேமில் டிடிஆர் 2-க்கு 200 பின்கள், 3-க்கு 204, 4-க்கு 260, 5-க்கு 262. விளிம்பில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அமுக்காதீர்கள். அது வேறு வகை என்று இயந்திரமே சொல்கிறது.

'எஸ்' என்றால் லேப்டாப்புக்கான குட்டை வடிவம். நான் ஆர்டர் போட்டபோது பார்க்காமல் விட்ட எழுத்து இது.

'12800' ஒரு கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். இந்த ரேமின் வேகம் 1600. ஒவ்வொரு தடவையும் 8 பைட் போகும். 1600 எட்டு 12,800. அதேபோல 1333 எட்டு 10,664, அதைச் சுருக்கி 10600 என்று அச்சடிக்கிறார்கள். வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்துப் போட்டால் பொதுவாக இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். அதனால் பெரிய கேடில்லை.

கேடு அந்த 'எல்'லில்தான். சாதாரண டிடிஆர் 3-க்கு 1.5 வோல்ட் மின்சாரம் வேண்டும். எல் போட்டதற்கு 1.35 வோல்ட் போதும். நூற்றுக்குப் பத்து குறைவு. பேட்டரி மிச்சமாகட்டும் என்று நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் பலவற்றை 1.35 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தார்கள். எல் உள்ள ரேம் பழைய 1.5 வோல்ட் இயந்திரத்திலும் பெரும்பாலும் ஓடும். எல் இல்லாத ரேமை இந்த இயந்திரம் ஏற்காது. வடிவம் ஒன்று, பின் ஒன்று, வெட்டும் ஒன்று. உள்ளே அழகாக உட்காரும். ஆனால் திரை வராது. பார்ப்பவர் போர்டு போய்விட்டது என்றே நினைப்பார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு எழுத்தை ஒருவரும் படிக்காததால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு லேப்டாப் 1,500 ரூபாய்க்கு ஸ்கிராப்புக்குப் போயிருக்கும். ஒரு லோடு ஆட்டோக்காரன் 45,000 ரூபாய்க்குத் தவணை எழுதியிருப்பான். மாதாமாதம் அந்த எழுத்துக்குத்தான் வட்டி கட்டியிருப்பான்.

நான் சொல்ல வந்தது இதுதான். தெரியாததற்கான விலையை எப்போதும் இல்லாதவர்கள்தான் கட்டுகிறார்கள். வசதியுள்ள வீட்டில் லேப்டாப் மெதுவாகிவிட்டால் புதுசு வாங்குவார்கள், கதை முடிந்தது. அங்கே அந்த எழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. படிக்க வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறதோ, அவர்களிடம்தான் நாம் "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்கிறோம். எனக்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்ததில்லை. எனக்கு அரை மணி நேரத்தில் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்தது. புரியாத விஷயம் ஒன்றும் அதில் இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் "எனக்குத் தெரியலைம்மா, வேற இடத்துல கேட்டுப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர்களும் செய்கிற தப்புதான் இது. கணக்கைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பையனுக்கு மண்டையில் ஏறவில்லை என்று எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். அதனால் அவரை நான் தனியாகத் திட்ட முடியாது.

என் மாப்பிள்ளை இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தை, உங்க அலைச்சலுக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டா புதுசே லாபம். அதுவும் இந்த லேப்டாப்புல விண்டோஸ் 11 ஏறாது" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏற்கிறார்கள். இந்த லேப்டாப் நான்காம் தலைமுறை. அதனால் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தோம். காசு கிடையாது. அவள் படிக்கும் சி, ஜாவா, பைத்தான் மூன்றும் அதில் ஓடுகின்றன. ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. கல்லூரி முடிகிற வரைக்கும் இது தாங்கும்.

நேரக் கணக்கு விஷயத்தில் மாப்பிள்ளைக்கு என் பதில்: ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு சரி. அந்தப் பெண்ணின் ஒரு மணி நேரத்துக்கு இன்னும் யாரும் விலை போடவில்லை. அவளிடம் இருப்பதே நேரம்தான்.

எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பேட்டரி உப்பியிருந்தால் அதோடு விளையாடாதீர்கள், அன்றைக்கே கழற்றக் கொடுங்கள். போர்டு உண்மையிலேயே போய்விட்டதென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் "உண்மையிலேயே" என்ற வார்த்தை முக்கியம்.

கம்பெனிக்காரர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். மெலிதாக இருக்கும், பேட்டரி நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கும்போது 8 என்றால் ஆயுசுக்கும் 8தான். பத்து வருஷம் கழித்து அதை இரண்டாம் கையில் வாங்கும் பிள்ளைக்கு வழியே இல்லை. பற்றவைக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேமையே கழற்றி மாட்டுகிற மாதிரி எல்பிகேம்2 என்ற வடிவம் வந்துவிட்டது என்று கோயம்புத்தூர்க்காரன் சொன்னான். அதைப் போடுகிறவர்கள் குறைவு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். அதோடு, லேப்டாப் பெட்டியின் மேலேயே "ரேம் மாற்றலாம், இன்ன வகை, இத்தனை இடம் காலி" என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்பது என் ஆசை. பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போடுகிறார்கள். 45,000 ரூபாய் பொருளில் போடக் கூடாதா?

மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரேம் கூரியரில் வந்தது. உடைந்த லேப்டாப் ஒன்றிலிருந்து எடுத்தது. 4 ஜிபி, பிசி3எல்-12800எஸ், எழுத்துக்கு எழுத்து அதேதான். ராத்திரி முழுக்க ஓட விட்டுச் சோதித்து அனுப்பியிருந்தான். காசு வேண்டாம் என்றான். தொழில் செய்கிறவன் டீச்சருக்கென்று இனாம் கொடுத்தால் கடை நடக்காது என்று சொல்லி 600 ரூபாய் அனுப்பினேன்.

மாட்டியது அந்தப் பெண்தான். நான் தொடவில்லை. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றினாள். ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள், உடம்பில் இருக்கும் மின்னேற்றம் இறங்கட்டும் என்று. ரேமின் விளிம்பைப் பிடித்துச் சாய்வாகச் செருகி, மெதுவாகக் கீழே அமுக்கினாள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடித்தது. பட்டனை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திரை வந்தது. 8 ஜிபி. "டீச்சராச்சி, எட்டு!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

போன தேர்வு போனதுதான். அந்த வாய்ப்பு திரும்பி வராது. ஆனால் அவள் இப்போது "போன்லயே பண்ணிக்கிடுதேன்" என்று சொல்வதில்லை. நேற்று அவள் கூடப் படிக்கும் பெண் ஒருத்தியின் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் வாசித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் மூன்று.

ஒன்று. பழைய லேப்டாப் வாங்கும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ரேம் கழற்றக்கூடியதா? எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை காலி? அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும்? விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் பெரும்பாலான லேப்டாப்புகளில் இடக்கணக்கு தெரியும். அடிப்பக்கம் இருக்கும் மாடல் எண்ணை வைத்து அந்தக் கம்பெனியின் தளத்தில் மற்றதைப் பார்க்கலாம். ரேம் செய்கிற கிங்ஸ்டன் தளத்திலும் மாடலைக் கொடுத்தால் பொருந்தும் வகையைச் சொல்வார்கள்.

இரண்டு. ரேம் வாங்கப் போகும்போது உள்ளே இருப்பதைக் கையோடு எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் எடுத்துப் போங்கள். "4 ஜிபி லேப்டாப் ரேம்" என்று வாயால் கேட்காதீர்கள். "இதே எழுத்து உள்ளது வேண்டும்" என்று காட்டிக் கேளுங்கள்.

மூன்று. இது என் பழைய மாணவர்களுக்கு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்களில் எத்தனையோ பேர் மேல்நிலை வகுப்பில் லேப்டாப் வாங்கினீர்கள். வாங்கிய அன்றைக்கு என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டியவர்களும் உண்டு. அது இப்போது எங்கே? பரண் மேலா, பீரோவுக்கு அடியிலா? எடுத்துத் தூசி தட்டுங்கள். விவரம் தெரிந்தவரை வைத்துப் பின்மூடியைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள். எல்லாம் பிழைக்காது. சிலது பிழைக்கும். உங்கள் வீட்டில் தேவை இல்லையென்றால், தேவைப்படும் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். அந்தப் பிள்ளை வாய் திறந்து கேட்காது. "பரவால்ல" என்றுதான் சொல்லும்.

ஸ்டிக்கர் படத்தைக் கீழே போட்டீர்களென்றால் நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம். எங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்வோம்.

எல்லாரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் அஞ்சாப்பு டீச்சர்